வேர் விடாத வெங்காயம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியையாகச் சேர்ந்த புதிது. பதினொன்றாம் வகுப்பில் 'மறைமுகச் செல் பகுப்பு' நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு செல் தன் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கி, சரிபாதியாகப் பிரித்து, இரண்டு செல்லாகிற பாடம். நான்கு கட்டங்களையும் கலர் சாக்பீஸில் வரைந்து முடித்ததும் முதல் பெஞ்சு மாணவி எழுந்தாள்.

"மறைமுகம்னா யாரு கண்ணுலயும் படாம நடக்கறதுங்களா மிஸ்? நீங்க பாத்திருக்கீங்களா?"

"எத்தனையோ தடவை" என்றேன். பச்சைப் பொய். கல்லூரியில் மைக்ரோஸ்கோப்பில் மங்கலாக ஏதோ தெரிந்தது. சீனியர் அக்காவின் ரெக்கார்டைப் பார்த்து வரைந்து கையெழுத்து வாங்கியவள் நான். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "அடுத்த வெள்ளிக்கிழமை உங்களுக்கும் காட்டறேன்" என்று வேறு சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை உழவர் சந்தையில் இருப்பதிலேயே பளபளப்பான சின்ன வெங்காயமாகப் பொறுக்கி வந்து, அடிப்பக்கம் மட்டும் நனையும்படி ஆய்வக ஜன்னலோரம் நாலைந்து டம்ளர் தண்ணீரில் வைத்தேன். வேர் நுனியில்தான் செல்கள் மும்முரமாகப் பிரியும். ஒரு வேர்கூட வரவில்லை. தண்ணீரை மாற்றினேன், ஜன்னலை மாற்றினேன், வெங்காயம் அசையவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, போனது. அந்த மாணவி டம்ளர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

மறுபடி சந்தைக்குப் போய், வெங்காயம் விற்ற பெண்ணிடம் சண்டைக்கே நின்றேன். அவருக்கும் என் வயதுதான் இருக்கும்.

"ஏனுங்க, கொழம்புக்குங்களா, நடறதுக்குங்களா?"

"வேர் பாக்கறதுக்குங்க."

அவர் சிரித்துவிட்டார். "இது இப்பப் புடுங்குன காயிங்க. ரெண்டு மாசம் அசந்து தூங்கும். பன்னீருல வெச்சாலும் வேரு உடாதுங்க. பட்டறை போட்டு ரெண்டு மூணு மாசமாக் காத்தாட வெச்ச வெதைக்காயி ஊட்டுல கெடக்குது, நாளைக்குக் கொண்டாரேன்."

'உறக்கநிலை' என்று நானே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அது என் டம்ளரில் கிடந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

சொன்னபடியே ஒரு கைப்பிடி கொண்டுவந்தார். மூன்றாம் நாள் வெள்ளை வெளேரென்று வேர்கள். காலையிலேயே நுனியைக் கத்தரித்து, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினேன். மாணவிகள் வரிசையில் நிற்க, சரிபார்க்க மைக்ரோஸ்கோப்பில் முதலில் நான் கண் வைத்தேன்.

கட்டம் கட்டமாகச் செல்கள். ஒன்றில் குரோமோசோம்கள் சிவப்பு நூல்துண்டுகளாக நடுவே வரிசைகட்டி நின்றன. இன்னொன்றில் அவை இரண்டு கொத்தாகப் பிரிந்து எதிரெதிர்ப் பக்கம் போயிருந்தன. நான் வரைந்தது போல அவ்வளவு சுத்தமாக இல்லை, கோணல்மாணலாக இருந்தன. ஒரு வெங்காய வேருக்குள் இத்தனை வேலையா! வரிசை நிற்பதே மறந்துபோய், "அட!" என்று கத்திவிட்டேன்.

"மிஸ், நீங்களும் இப்பத்தான் பாக்கறீங்களா?"

அதே மாணவிதான். லென்ஸிலிருந்து நிமிர்ந்தேன். முகம் எரிந்தது. "ஆமா. அன்னைக்கு நான் பொய் சொன்னேன்" என்றேன்.

அவள் வந்து லென்ஸில் குனிந்தாள். திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கண்ணை எடுக்காமலே, "அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே நாள்ல பாத்திருக்கறோம் மிஸ்" என்றாள், அத்தனை சந்தோஷமாக.

தெரியாது என்று ஒப்புக்கொண்டால் மரியாதை போய்விடும் என்று பயந்திருந்தேன். அன்றிலிருந்துதான் என் வகுப்பில் பிள்ளைகள் பயப்படாமல் கேள்வி கேட்கிறார்கள், அதில் பாதிக்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது.