பத்து லட்சத்து ஒன்று

கணக்கு டியூஷன் எடுப்பவரின் நிம்மதியெல்லாம், புத்தகத்தில் இல்லாத எண்ணைப் பற்றி யாராவது கேட்கும் வரைதான். கையில் சாக்பீஸோடு வியர்த்து நின்றவர்களுக்கு இது புரியும்.

டெமோ கிளாஸ்

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு மாடியில் எங்கள் சென்டர். புது பேட்ச் சேரும் முன் ஒரு இலவச வகுப்பு உண்டு. பிள்ளைகள் முன்னால், பெற்றோர் கடைசி பெஞ்சுகளில். பிள்ளைகளைச் சமாளித்துவிடலாம், பெற்றோர் கைகட்டி உட்கார்ந்தால் எனக்கு ஏழாம் வாய்ப்பாடே மறந்துவிடும். அன்று படியேறும்போதே உரிமையாளர் பிரபு சார் நிறுத்தினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம், இன்னிக்கு பேட்ச் சேரலேன்னா மேத்ஸுக்கு வேற ஆளத்தான் பாக்கணும்."

எந்த வகை?

பாடம் பகா எண், பகு எண். ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுவது பகா எண் என்று சொல்லி, தொண்ணூற்றொன்று பகு எண் என்பதற்கு அதை ஏழும் பதிமூன்றுமாக உடைத்துக் காட்டினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முன் பெஞ்சில் ஜெனிஃபர் என்ற ஒன்பதாம் வகுப்புப் பெண் கை தூக்கி, பத்து லட்சத்து ஒன்று எந்த வகை என்று கேட்டாள்.

ஒற்றைப்படை. இலக்கங்களைக் கூட்டினால் இரண்டு, ஆகவே மூன்றால் போகாது. ஏழு, பதினொன்று, பதிமூன்று, எதற்கும் மசியவில்லை. முறைப்படி பார்த்தால் ஆயிரம் வரை உள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். வாசலில் பிரபு சார் நிற்கிறார். "பகா எண்தான்" என்று சொல்லிவிட்டேன். மேடவாக்கத்திலிருந்து வந்திருந்த ஜெனிஃபரின் அப்பா, ஐ.டி.க்காரர், செல்போனைப் பார்த்தபடியே எழுந்தார்.

"சாரி மேடம், இது நூத்தியொண்ணால வகுபடுதே."

ராசி

ஐந்து நிமிடம் இடைவேளை விட்டேன். மாடம்பாக்கத்து அம்மா ஒருவர் மேஜை அருகே வந்தார். ஆறுதலாக ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"கூட்டினா ரெண்டு வருது மேடம், எங்க பொண்ணுக்கு ரெண்டு ஆகாது. வேற நம்பர் எடுத்துக்கலாமே?"

போர்டின் மூலை

சிலர் கிளம்பத் தொடங்கியிருந்தார்கள். முகத்தை மறைக்க போர்டை அழிக்கப் போனேன். மூலையில், காலை வகுப்புக்கு நானே எழுதிய a³ + b³ = (a + b)(a² − ab + b²) சூத்திரம் அழியாமல் இருந்தது. பத்து லட்சம் என்பது நூற்றின் கனம். ஒன்று, ஒன்றின் கனம். எல்லோரையும் ஒரு நிமிடம் உட்காரச் சொன்னேன். நான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொண்டு, சூத்திரத்தில் a-க்கு நூறும் b-க்கு ஒன்றும் போட்டேன்: 101 × 9901. வகுத்தலே இல்லாமல் எண் இரண்டாக உடைந்தது. ஜெனிஃபரின் அப்பா போனைப் பைக்குள் வைத்தார். பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். எனக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. படி இறங்கப்போன ஜெனிஃபர் திரும்பினாள்.

"அப்ப பத்து லட்சத்து மூணு, மேடம்? நாளைக்குச் சொன்னா போதும்."

வேலை போய்விடுமோ என்ற கவலை அன்றோடு தீர்ந்து, ஜெனிஃபர் தினமும் வருவாளே என்ற கவலை ஆரம்பித்தது.