மூன்றாவது நாற்காலி

பதிவு அலுவலகத்தில் அவளுக்கு மையக்கா என்றுதான் பெயர். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. சொத்தை எழுதிக் கொடுக்க வருகிறவர்களின் இடது பெருவிரலைப் பிடித்து, மை தடவி, பதிவேட்டில் உருட்டி எடுப்பது முப்பத்தொரு வருடமாக அவள் வேலை. விரலைத் தொட்டதுமே ஆளின் மனசைச் சொல்லிவிடுவாள். விரும்பிக் கொடுக்கிறவர் விரல் துணி மாதிரி வளையும். விருப்பமில்லாதவர் விரல் விறைத்து நிற்கும். அப்படி விறைத்தால், "கையத் தளர்த்தி விடுங்க, ஒண்ணும் ஆகாது," என்பாள். சொல்லிச் சொல்லியே எத்தனையோ வீடுகளைக் கைமாற்றிவிட்டிருக்கிறாள், பாவி.

சட்டம் இல்லாமல் இல்லை. வயதானவர் ஒருவர் சொத்தை உறவினருக்கு எழுதிக் கொடுக்க வந்தால், பதிவாளர் அவரைத் தனியாக உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு, மனசாரத்தான் கொடுக்கிறீர்களா, யாராவது மிரட்டினார்களா என்று கேட்க வேண்டும். அறையில் இரண்டே நாற்காலிகள். பதிவேட்டில் 'தனியே விசாரிக்கப்பட்டார்' என்று ஒரு கட்டம் உண்டு, அதில் சரி போட வேண்டும். சட்டம் எழுதியவர்கள் புத்திசாலிகள்தான். மையக்காவின் இளகிய மனசைத்தான் அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

ஒரு நாள் ஒரு கிழவி அந்த அறையில் தனியாக உட்கார்ந்து வெடவெடவென்று நடுங்கினாள். மையக்காவுக்குப் பொறுக்கவில்லை. வெளியே நின்ற மகளை உள்ளே கூப்பிட்டு, பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அன்றைய பதிவாளரும் வேலை சீக்கிரம் முடிந்தால் சரி என்று கண்டுகொள்ளவில்லை. மறுநாளிலிருந்து அந்த மூன்றாவது நாற்காலி அங்கேயே தங்கிவிட்டது. கட்டத்தில் மட்டும் சரி விழுந்துகொண்டே இருந்தது. அதைப் போட்டதும் மையக்காதான்.

அந்த நாற்காலியில்தான், வீட்டை எழுதிக் கொடுக்க வந்த ஒரு தச்சரின் அண்ணன் மகன் வந்து உட்கார்ந்தான். தச்சரின் விரல் மரக்கட்டையாக இருந்தது. "தளர்த்தி விடுங்கய்யா," என்றாள் மையக்கா. எட்டு மாதம் கழித்து அவர் அதே சட்டையோடு திரும்பி வந்தார். வீட்டை விட்டுத் துரத்திவிட்டார்களாம், பட்டறையில் படுக்கிறாராம். பத்திரத்தை ரத்துசெய்யச் சொல்லி முதியோருக்கான நடுவரிடம் மனு போட்டிருந்தார். நடுவர் பதிவேட்டை வரவழைத்து, கட்டத்தில் சரி இருப்பதைப் பார்த்துவிட்டு, தனியாகக் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார். தச்சர் மையக்காவை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்து அசைத்துப் பார்த்து, "கால் ஆடுதும்மா, ஒரு ஆப்பு வெச்சாச் சரியாயிடும்," என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் அவள் மறந்திருப்பாள்.

அவள் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆயிற்று. கணவர் போன பிறகு வீடு அவள் பெயருக்கு வந்தது. மகன் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று பெட்டியோடு வந்து இறங்கினான். தேன் ஒழுகப் பேசினான். முதலில் அவள் போன் ரிப்பேருக்குப் போயிற்று, திரும்பி வரவில்லை. அடுத்து மூக்குக்கண்ணாடி காணாமல் போயிற்று. அப்புறம் அவன் வெளியே போகும்போதெல்லாம் கேட்டைப் பூட்டிக்கொண்டு போனான். எதிர்வீட்டுக்காரி ஒரு நாள் நலம் விசாரித்தபோது குரலைத் தாழ்த்தி, "அம்மாவுக்கு ஞாபகம் தப்புதுக்கா. ஏதாவது சொன்னா மனசுல வெச்சுக்காதீங்க," என்றான். ஜன்னலுக்குப் பின்னால் நின்ற மையக்காவின் காதில் அது விழுந்தது. இனி அவள் கத்தினாலும் அது ஞாபகம் தப்பியவள் கத்துவது. பிள்ளை அஸ்திவாரத்தை நன்றாகவே போட்டிருந்தான்.

"நாளைக்குப் பத்து மணிக்கு ரெடியா இரும்மா. வீட்டை என் பேருக்கு மாத்தணும். ஒரு கைரேகை, அவ்வளவுதான். உனக்குத் தெரியாத ஆபீஸா?"

"அது என் வீடுடா. நான் குடுக்க மாட்டேன்."

அவன் கோபப்படவில்லை. அலமாரியிலிருந்து அவளுடைய ரத்தக்கொதிப்பு மாத்திரை டப்பாவை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். "ரேகை வெச்சுட்டு வா, தரேன்."

மறுநாள் அலுவலகத்தில் இருந்த பதிவாளர் புதிதாக வந்த பெண். அவருக்கு மையக்காவைத் தெரியாது. மூன்றாவது நாற்காலி அதே இடத்தில் அதே ஆடும் காலோடு இருந்தது. மகன் அதில் உட்கார்ந்து அம்மாவின் தோளில் கை போட்டான். பார்க்கிறவர்களுக்குப் பாசமாகத்தான் தெரியும். அவன் விரல்கள் எலும்பைத் தேடிப் பிடித்து அழுத்தின.

"மனசாரத்தான் குடுக்கறீங்களாம்மா?" பதிவாளர் தாளிலிருந்து தலை தூக்கவில்லை.

"ஆமா மேடம்," என்றான் மகன். "அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

மையக்காவின் வேலைக்கு வந்திருந்த புதுப் பெண், மை தடவ அவள் கையைப் பிடித்தாள். விரல் விறைத்து நின்றது. "கையத் தளர்த்தி விடுங்கம்மா, ஒண்ணும் ஆகாது," என்றாள், ரொம்பக் கனிவாக.

மையக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவள் விட்டுப்போன வார்த்தை அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருந்தது. தச்சர் நாற்காலியை அசைத்துப் பார்த்தது கண்ணில் வந்தது. மகன் மீதிருந்த பயத்தைவிட அந்த வெட்கம் பெரிதாக இருந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இந்த நாற்காலிய வெளிய தூக்கிப் போடும்மா. இது இங்க இருக்கவே கூடாது. நான்தான் கொண்டாந்து போட்டேன்."

மகன் சிரித்தான். "பாத்தீங்களா மேடம், மூளை கொஞ்சம் குழம்பிப் போச்சு."

பதிவாளர் அப்போதுதான் நிமிர்ந்தார். "காது மந்தம்னீங்க, இப்ப மூளைங்கறீங்க. மூளை குழம்பினவங்ககிட்டயா வீட்டை எழுதி வாங்க வந்தீங்க? வெளிய இருங்க."

நாற்காலியும் போயிற்று, அவனும் போனான். மை தடவும் பெண் கதவைச் சாத்தினாள். பதிவாளர் மறுபடியும் கேட்டார், இந்தத் தடவை முகத்தைப் பார்த்து.

"மனசு இல்லம்மா. மாத்திரையைப் பிடுங்கி வெச்சுக்கிட்டுக் கூட்டிட்டு வந்தான்."

"அப்பப் பதிவு கிடையாது. நீங்க தைரியமா வீட்டுக்குப் போகலாம்."

வீட்டுக்கு! வீட்டுச் சாவி அவன் பையில் இருந்தது. "போனா கேட்டைப் பூட்டிடுவான். அதுக்கப்புறம் என்னை யாரும் பாக்க முடியாது," என்றாள் மையக்கா. "அடி டிராயர்ல பச்சைத் தாள் இருக்கும், பாதுகாப்பு மனு. அதை என்கிட்ட எழுதி வாங்கிட்டீங்கன்னா போலீஸ் வர்ற வரைக்கும் என்னை அவன்கூட அனுப்பக் கூடாது. சட்டம் அது."

டிராயரில் தாள்கள் கட்டாக இருந்தன. மேல் தாள் முழுக்க டீ கிளாஸின் வட்டக் கறை. அத்தனை வருடம் டீ குடித்த கிளாஸை டிராயருக்குள் அதன்மேல் வைத்தவள் அவள்தான். ஒரு தாள்கூடச் செலவாகியிருக்கவில்லை.

கண்ணாடி இல்லாததால் அவளால் படிக்க முடியவில்லை. பதிவாளர் படித்துப் படித்து நிரப்பினார். "யார் மேல மனு? உறவு?"

கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. "அம்மா, மாத்திரை போடற நேரமாச்சு. வெளிய வாம்மா." கைப்பிடி ஒரு தடவை கீழே இறங்கி மேலே ஏறியது.

"மகன்," என்றாள் மையக்கா. அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பெருவிரலை நீட்டினாள். அது இன்னும் விறைத்துத்தான் இருந்தது. மை தடவும் பெண் அதைப் பிடித்தாள், தளர்த்தச் சொல்லவில்லை. மையக்கா தானே மனுவில் உருட்டி அழுத்தினாள்.