சாட்டித் தண்ணீரோடு மலை ஏறியது

எங்கள் தீவில் ஏறுவதற்குப் பனைமரத்தை விட்டால் வேறொன்றும் இல்லை. அதனால் எண்பத்து மூன்றாம் ஆண்டு சித்திரை விடுமுறைக்கு மலைநாட்டுக்குப் போவோம் என்று அப்பா சொன்னதும் அக்காவும் நானும் எங்கள் ஊரான சரவணை முழுக்கச் சொல்லித் திரிந்தோம். அப்பா சரித்திர வாத்தியார். பேருக்குத்தான் மலை, அவர் பார்க்க ஆசைப்பட்டதெல்லாம் வழியிலுள்ள கோட்டைகளை. அம்மா சமைத்துக்கொண்டே குசினிச் சுவரில் தொங்கிய கலண்டரைக் காட்டினார். அதில் ஒரு நீர்வீழ்ச்சிப் படம்.

“எனக்குக் கோட்டையும் வேண்டாம், கொத்தளமும் வேண்டாம். இப்பிடித் தண்ணி கொட்டுற இடமொண்டைக் காட்டுவீங்களோ?”

“ஓம், கட்டாயம் காட்டுறன்” என்றார் அப்பா.

அம்மா கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் கிணற்றில் உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர். குடிப்பதற்கு அப்பா சாட்டிக்குப் போய் நல்ல தண்ணீர் அள்ளிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். அதை அளந்து ஊற்றுவது அம்மாவின் ஆட்சி. முகம் கழுவ அதில் ஒரு செம்பு கேட்டால், காணியில் பங்கு கேட்டதுபோலப் பார்ப்பார்.

ஆகவே புறப்படும் காலையில் எங்கள் பழைய காரின் மேலே ஒரு பெரிய கான் சாட்டித் தண்ணீர் ஏறியதில் எங்களுக்கு வியப்பே இல்லை. வழித் தண்ணீர் குடித்தால் சளி பிடித்துத் தடிமன் வரும் என்று அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டார்.

பண்ணைப் பாலத்தைத் தாண்டி யாழ்ப்பாணக் கோட்டை தெரிந்ததுமே அப்பா வாய் திறந்தார். பிறகு மூடவே இல்லை. ஆனையிறவிலும் ஒரு கோட்டைக்காக இறங்கினோம். சிகிரியாப் பாறைக் கோட்டையில் ஒரு பகல் முழுவதும் போயிற்று. அதில் எனக்குக் குறையில்லை. உச்சியில் காற்று எங்கள் பாவாடையைப் பிடித்திழுக்க, கீழே கண்ணுக்கெட்டிய மட்டும் பச்சையாகக் கிடந்த காட்டைப் பார்த்து நானும் அக்காவும் தொண்டை வற்றக் கத்தினோம். அப்பா ராசாவின் குளத்தைக் காட்டி விளக்கம் சொன்னார். அம்மா மூச்சு வாங்க வந்து அதை எட்டிப் பார்த்தார்.

“ராசா குளிச்சது சரி. தண்ணி சுமந்தது ஆரெண்டு உங்கட சரித்திரத்தில இருக்கோ?”

அப்பா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

கண்டி அரண்மனையிலும் அதே கதைதான். ஒவ்வொரு தூணாகத் தடவிப் பார்த்துவிட்டு அவர் கிளம்பும்போது பின்னேரமாகிவிட்டது. மறுநாள் ஊருக்குத் திரும்பியே ஆகவேண்டும். நீர்வீழ்ச்சிகள் இருக்கும் நுவரெலியா வீதியில் ஏற ஏற மூடுபனி இறங்கியது. அம்மா சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். வெள்ளையைத் தவிர வெளியே ஒன்றும் இல்லை. பிறகு துடைப்பதையும் விட்டுவிட்டார். எனக்கு அப்பாமேல் அப்படியொரு கோபம் வந்தது.

ஒரு வளைவில் கார் புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றது.

“கொதிச்சுப் போச்சு. தண்ணி விடவேணும்” என்றார் அப்பா.

நாலு பேரும் ஒரே நேரத்தில் மேலேயிருந்த கானைத்தான் பார்த்தோம். பக்கத்தில் எங்கோ பெரிய இரைச்சல் கேட்டது. “கடல் நல்லா இரையுது” என்றாள் அக்கா. ஒருவரும் மறுக்கவில்லை! பிறந்த நாள் முதல் எங்களுக்கு இரைச்சல் என்றால் கடல், கடலென்றால் வாயில் வைக்க முடியாத தண்ணீர். மலை நடுவில் நிற்கிறோம் என்ற நினைப்பு எவருக்கும் வரவில்லை.

“குடிக்கிற தண்ணியை இதுக்கோ ஊத்துறது?” என்று அம்மா முணுமுணுத்தார். ஆனாலும் கொதி அடங்கியதும், ஒரு சொட்டுச் சிந்தாமல் செம்பு செம்பாகத் தானே ஊற்றினார். கான் வெறுமையானது.

அப்போதுதான் ஒரு காற்று அடித்தது. பனி விலகியது. பின்னால், கூப்பிடு தூரம்கூட இல்லை, கரும்பாறை உச்சியிலிருந்து வெள்ளையாகக் கொட்டிக்கொண்டிருந்தது தண்ணீர்.

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அம்மா செம்பும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பாறைகளில் இறங்கி, இரண்டு கையாலும் அள்ளி அள்ளி முகத்தில் அடித்தார்.

“எல்லாம் வீணாப் போகுது, பாருங்கோ! ஒருதரும் அளக்கேல்லை!”

“வழுக்கும், கவனமப்பா!” என்று அப்பா பின்னால் ஓடினார்.

“பிள்ளையள், வாங்கோ! முகம் கழுவுங்கோ. வேணுமெண்ட மட்டும் கழுவுங்கோ!”

அந்த வார்த்தையை அம்மாவின் வாயிலிருந்து கேட்டதும் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. நாலு பேரும் தொப்பலாக நனைந்தோம்.

அம்மா வெறுங்கையோடு ஏறவில்லை. கானை நிரப்பிக் காரின் மேலே ஏற்றுவித்தார். சரவணைக்கு வந்ததும் அதை அப்படியே எங்கள் கிணற்றுக்குள் கவிழ்த்தார்.

“இதென்ன வேலை?” என்றார் அப்பா.

“சவர் கொஞ்சம் குறையட்டும்.”

அந்த ஆடியில் வெடித்த இனக்கலவரத்துக்குப் பிறகு நெடுங்காலம் எங்களால் அந்தப் பாதையில் போக முடியவில்லை. ஆனால் கிணற்றில் அள்ளும் போதெல்லாம் அம்மா ஒரு வாய் வைத்துப் பார்த்து, “இப்ப முந்தின மாதிரி இல்லை, என்ன?” என்பார். நாங்கள் மூவரும் முகம் கோணாமல் விழுங்கிவிட்டு, “ஓம்” என்போம்.