முன்வரிசைச் சாப்பாடு

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மத்தியான நேரம், நானும் அக்காவும் தில்லியிலிருந்து பெங்களூருக்குப் பறந்து வந்தோம். அந்த இரண்டரை மணி நேரம் நிஜமாகவே நடந்ததா என்று இன்றைக்கும் எனக்குச் சில சமயம் சந்தேகம் வரும்.

அக்கா மைசூரில், தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் மெஸ் நடத்தினாள். மதியச் சாப்பாடு மட்டும். பூக்கடைக்காரர்கள், வெற்றிலை விற்கிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் என்று தினமும் நூறு பேராவது அந்த மரப்படியில் ஏறி வருவார்கள். அப்பா ரயில்வே வேலைக்காக மைசூர் வந்தவர். அவர் இறந்த பிறகு என்னைப் படிக்க வைத்ததும், தம்பியைத் தில்லி வரைக்கும் அனுப்பியதும் அந்த மெஸ்தான். நான் கல்லூரியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஒரே வீட்டில் இருந்தோம்.

தம்பிக்குக் குழந்தை பிறந்திருந்தது. ரயிலில் போய்வந்தால் ஒரு வாரத்துக்கு மேல் மெஸ்ஸை மூடவேண்டியிருக்கும், அது நடக்காது என்று அக்கா சொல்லிவிட்டாள். தம்பி விமான டிக்கெட் அனுப்பினான். திரும்பும் நாளில், காலை விமானம் ரத்தாகி அந்தக் கூட்டமும் எங்கள் விமானத்துக்கு வந்து சேர்ந்தது. கவுண்டரில் இருந்த பெண் எங்களையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். பின்னால் இடமில்லை, முன்னால் இரண்டு சீட் தருகிறேன் என்றாள். அது பிசினஸ் கிளாஸ் என்பது உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது.

நாற்காலி அவ்வளவு அகலம். பஸ்ஸில் இன்னொருவருக்கு இடம் விடுகிற மாதிரி அக்கா ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தாள். விமானம் மேகங்களைத் தாண்டியதும் வெளிச்சம் வெள்ளையாக உள்ளே வந்து இருக்கைகளின் மேல் படுத்துக்கொண்டது. கீழே மேகம் அசையாமல் கிடந்தது. நாங்களும் எங்கேயும் போகாமல் அப்படியே மிதந்துகொண்டிருப்பது போலிருந்தது.

ஒரு பணிப்பெண் வந்தாள். வெந்நீரில் நனைத்துச் சுருட்டிய துண்டு ஒன்றை இடுக்கியால் எடுத்து அக்காவிடம் நீட்டினாள். எதற்கு என்று தெரியாமல் அக்கா என்னைப் பார்த்தாள். முகம் துடைக்க என்றேன். துண்டை விரித்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டவள் அதை எடுக்கவே இல்லை. அடுப்புச் சூடு பட்டுக் கறுத்த விரல்கள் துணியின் இரண்டு ஓரத்தையும் பிடித்திருந்தன. தூங்கிவிட்டாளோ என்று நினைத்தேன்.

துணிக்கு உள்ளிருந்து குரல் வந்தது. "யாரோ நம்ம மூஞ்சியத் தொடச்சு விடற மாதிரி இருக்குடி."

பிறகு மேசை விரிப்பு வந்தது, பீங்கான் தட்டு வந்தது. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அந்தப் பெண் குனிந்து கேட்டபோது அக்காவுக்குப் பதில் வரவில்லை. தினமும் நூறு பேரிடம் அதைக் கேட்கிறவள். நான்தான் இரண்டு பேருக்கும் சைவம் என்று சொன்னேன். பட்டாணி புலாவ், ராஜ்மா, சிவப்புக் குழம்பில் பனீர், தயிர், கல் மாதிரி ஒரு பன். அக்கா கரண்டியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கையால் பிசைந்தாள்.

"வெந்தது சரியா வெந்திருக்கு. உப்பும் காரமும் எங்கியோ போயிடுச்சு," என்றாள். பையிலிருந்து வழிக்கென்று வைத்திருந்த நாரத்தங்காய் ஊறுகாய் பாட்டிலை எடுத்தாள். அவளே போட்டது. ஒரு துண்டை நாக்கில் வைத்தாள். இன்னொரு துண்டு எடுத்துப் பார்த்தாள்.

"இதுவும் சப்புனு இருக்கு. சமைச்சவங்க மேல தப்பில்ல. இவ்ளோ ஒசரத்துல நம்ம நாக்குதான் தூங்குது, இல்லியா."

நான் சாப்பாட்டைக் குறை சொல்லத் தயாராக இருந்தேன். அதை விட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தேன்.

தட்டுகளை எடுத்துப் போன பிறகு அக்கா கை கழுவப் போனாள். ஊறுகாய் பாட்டிலும் கையோடு போயிற்று. வெகுநேரமாகியும் திரும்பவில்லை. நான் கண்ணயர்ந்து, விழித்து, அவளைத் தேடிப் போனேன். சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கியிருந்த அந்தக் குறுகிய இடத்தின் திரைக்கு முன்னால், மெஸ் வாசலில் நிற்பது போல நின்றுகொண்டிருந்தாள்.

நடந்ததைத் தணிந்த குரலில் சொன்னாள். கை கழுவிவிட்டு வரும்போது திரை விலகியிருந்திருக்கிறது. எங்களுக்குப் பரிமாறிய அந்தப் பெண் நின்றபடி ஃபாயில் டப்பாவிலிருந்து ஒரு வாய் போடுவதும், மணி அடித்தால் டப்பாவை மூடுவதுமாக இருந்திருக்கிறாள். அக்கா கன்னடத்தில் ஊட்டா ஆய்தா என்று கேட்டிருக்கிறாள். சாப்பாடு ஆயிற்றா என்று எங்கள் ஊரில் எல்லோரும் எல்லோரையும் கேட்பதுதான். குடகுப் பெண்ணாம், கன்னடத்தைக் கேட்டதும் முகமே மாறிப்போய், காலையிலிருந்து இதுதான் முதல் வாய் என்றிருக்கிறாள். நீ உட்கார், நான் இங்கே நிற்கிறேன் என்று அக்கா திரையை இழுத்துவிட்டாள்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே டை கட்டிய ஒருவர் தண்ணீர் கேட்டு வந்தார். ஓரத்தில் இருந்த ஜக்கிலிருந்து அக்கா ஊற்றினாள். வலது முழங்கையை இடது கையால் தாங்கி, மெஸ்ஸில் கொடுப்பது போலவே கொடுத்தாள். வேறு ஏதாவது வேண்டுமானால் ஐந்து நிமிஷம் ஆகும் என்று தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். சுங்கடிப் புடவை கட்டிய ஒருத்தி தண்ணீர் கொடுத்தது அவருக்கு விசித்திரமாகவே படவில்லை.

நான் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"நீ போய் உக்காரு. அந்தப் பொண்ணு இன்னும் தயிர் சாப்பிடல."

திரைக்குள் எட்டிப் பார்த்தேன். சுவரோடு மடிகிற சின்ன இருக்கையில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். டப்பா மடியில். எங்கள் பாட்டில் பக்கத்தில் திறந்திருந்தது. கண்ணை மூடி மென்றுகொண்டிருந்தாள்.

இருக்கைக்குத் திரும்பிய பிறகு அக்கா நெடுநேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். விமானம் இறங்கத் தொடங்கி, மேகம் கண்ணாடியை உரசிக்கொண்டு போனபோதுதான் பேசினாள்.

"இருவது வருஷமா அடுப்புப் பக்கத்துல நின்னுட்டேதான் சாப்பிடறேன். அது பாக்க எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் பாத்தேன்."

நான் அந்த இருபது வருஷமும் தினமும் பார்த்தவள்.

மைசூர் வந்த மறுநாளே மெஸ்ஸில் வெந்நீர்த் துண்டு வைத்துப் பார்த்தாள். வாழைக்காய் மூட்டை தூக்குகிறவர் முதுகு, அக்குள் எல்லாம் நிதானமாகத் துடைத்துவிட்டு ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனார். துண்டுகள் வெளுக்கவே மறுத்தன. மூன்றே நாளில் அந்த ஏற்பாடு நின்றது.

எனக்குக் கல்லூரி இல்லாத ஒரு சனிக்கிழமை, மெஸ் திறப்பதற்கு முன், முதல் மேசையில் ஓர் இலையைப் போட்டு அக்கா உட்கார்ந்தாள். என்னைப் பரிமாறச் சொன்னாள். கூட்டு வைத்தேன், சாதம் வைத்தேன், இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டேன். யோசித்து, போடு என்றாள். அதற்குள் பூக்கடைக்காரர்கள் இரண்டு பேர் மேலே வந்து, இலைக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தயங்கி, படியிலேயே நின்றார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை. இரண்டாவது தடவை மோர் கேட்டாள்.