பச்சையாக நின்ற வரிசை

அந்தக் கணக்கு நோட்டை நினைத்தாலே எனக்கு என்மேலேயே வெறுப்பு வரும்.

காரிமங்கலம் பக்கம் ஒரு விவசாயியின் மானாவாரிக் காட்டில் ஆராய்ச்சி உதவியாளனாக இருந்தேன். அந்த மண்ணிலேயே ஒரு வைரஸ் குடியிருந்தது. வேர் வழியாக ஏறும். கேழ்வரகு மஞ்சளாகிக் குட்டையாக நின்றுவிடும். மருந்து கிடையாது. விதைக்குள்ளேயே தாங்கும் குணம் இருந்தால்தான் உண்டு. அப்படி ஒன்றாவது தேறுமா என்று பார்க்கப் பன்னிரண்டு ரகங்களை வரிசை வரிசையாக நட்டிருந்தோம். வரிசைக்கு எத்தனை செடிக்கு நோய் என்று எண்ணி நோட்டில் எழுதுவது என் வேலை. அந்த விவசாயிக்கோ இருப்பதே அந்தக் காடுதான். மூன்று வருஷமாக வீட்டுக்குத் தின்னக்கூட விளையவில்லை.

எண்ண வேண்டிய நாளுக்கு முந்தின நாள் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் தொலைந்தேன். திரும்பி வந்து பார்த்தால் காடு பளிச்சென்று இருக்கிறது. மஞ்சள் செடியெல்லாம் வரப்பில் குவியலாகக் கிடக்கிறது, எது எந்த ரகமோ!

களை எடுத்த அக்கா பெருமையாகச் சொன்னார்: "பெரிய ஆபீசருங்க வர்றாங்கன்னாங்க. சீக்குச் செடிய வெச்சுக்கிட்டா காட்டுவாங்க? புடுங்கிட்டமுங்க."

அவரை என்ன சொல்வது? களையோடு சவலைச் செடியையும் பிடுங்குவது அவர்கள் கைப்பழக்கம். விட்டுவைக்கச் சொல்லாமல் போனவன் நான். அவர்கள் தொடங்கிய ஓரத்து வரிசையில் ஒரு மஞ்சள்கூட மிச்சமில்லை. மற்றவற்றில் கைக்குத் தப்பியது நாலைந்து நின்றது.

என் ஆபீசரிடம் சொன்னேன். அவர் முகம்கூடச் சுளிக்கவில்லை.

"நிக்கறத எண்ணுய்யா. புடுங்கினதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

எண்ணினேன். ஓரத்து வரிசைக்கு நேராகச் சுழியம் போட்டேன். சீ, இதுவும் ஒரு கையா! அந்த வரிசை பல் போன வாய்போல் இடைவெளி இடைவெளியாகக் கிடந்ததை நானும் ஆபீசரும் பார்த்தோம். பார்வையிட வந்த பெரிய ஆபீசர்கள் கைதட்டினார்கள். நோய் தாங்கும் ரகம் என்று அதன் விதையை ஒரு பையில் விவசாயியிடம் கொடுத்தார்கள். அவர் தோள் துண்டை இறக்கி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று போண்டா தின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த மழைக்குக் காடு முழுக்க அதையே நட்டார். முழுக்க மஞ்சளாகிவிட்டது. நான் போனபோது பயிருக்குள் மாட்டை அவிழ்த்துவிட்டு மேய்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன், சத்தியமாக.

அவர் முந்திக்கொண்டார்.

"உங்க வெதையக் குத்தஞ் சொல்லலீங்க. நீங்களே எண்ணிப் பாத்த வெதையாச்சே. எங்க மண்ணுக்குத்தான் யோக்கியதை இல்லீங்க. வெய்யில்ல வந்திருக்கீங்க, வூட்டுக்கு வாங்க, மோர் குடிச்சிட்டுப் போலாம்."

போனேன். குடித்தேன். வருகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.