மாமியும் இரும்புக் கப்பலும்

நாள் முழுக்க விமானச் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிவிட்டு டோர்வல் விமான நிலையத்தில் இருந்து வீட்டுக்கு வந்தால், தொலைக்காட்சியில் மறுபடியும் அந்தக் கப்பல்கள்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆறுகளைக் காவல் காத்தவை. மரக் கப்பலுக்கு மேலே இரும்புத் தகடு போர்த்தி, பீரங்கி நீட்ட மட்டும் துவாரம் விட்டிருப்பார்கள். என் கணவருக்கு எல்லாம் மனப்பாடம். எனக்கும்தான், வேறு வழி?

"இஞ்சரும், குண்டு பட்டுத் தெறிக்குது பாரும்."

"எனக்குக் கால் உளையுது. தேத்தண்ணி வைச்சனீங்களே?"

ஆனால் உண்மையான படகில் அவர் ஏறமாட்டார். சிறுவயதில் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடி, கடல்நீரேரியைக் கடந்தபோது கடற்படை சுட்டது. தாயும் மகனும் வந்தது வெறும் மர வள்ளத்தில். "இவனைக் கீழ கிடத்திப்போட்டு மேல கவிண்டு கிடந்தன்" என்று மாமி சொல்வார். குண்டு பட்டுச் சிதறிய பலகைச் சிம்பு ஏறிய வடு மாமியின் முதுகில் இருந்தது. குளிர் தொடங்கினால் அது நோகும். தைலம் தேய்த்தவள் நான்தான். வேலைக் களைப்போடு அதுவும் ஒரு வேலை.

இந்த வருடம் மாமி போய்விட்டார். தாய்க்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைக்கவேண்டும், சாம்பல் கரைக்கவேண்டும். இவர்தான் கடைசி. நடு ஆற்றில் கரைக்கப் படகு பேச வேண்டியிருந்தது. இவரோ நாளைத் தள்ளிக்கொண்டே போனார். சாம்பல் பானை சாமி அறைக்கு வெளியே காத்துக்கிடந்தது.

"அண்ணையைக் கரைக்கச் சொல்லிக் கேட்டுப் பாக்கட்டே?" என்றார் ஒருநாள்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "மாமி உங்களுக்காகத்தான் பாத்துக்கொண்டிருக்கிறா. உங்கட இரும்புக் கப்பல் வந்தால்தான் ஏறுவியளோ?"

அவர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு எழுந்து போனார். அடுத்த சனிக்கிழமைக்கு அவராகவே படகு பேசியிருந்தார்.

நல்ல வெயில். என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். படகுக்காரர் பிரெஞ்சில் ஏதோ சொல்லி ஆசனத்தைக் காட்டினார். இவர் அதில் இருக்கவில்லை. படகின் அடித்தட்டில் முழங்காலைக் குத்தி, பானையை நெஞ்சுக்குக் கீழே வைத்து, அதன்மேல் கவிழ்ந்துகொண்டார்.

அவருக்குச் சுகமில்லையா என்று படகுக்காரர் என்னைக் கேட்டார். அப்படி ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். வாயைத் திறந்தால் அழுதிருப்பேன்.

நடு ஆறு வரும்வரை அவர் முதுகை நிமிர்த்தவே இல்லை.