மெழுகில் தோய்க்காத பிக்கப்

எலெக்ட்ரிக் கிற்றாரின் கம்பிகளுக்குக் கீழே பாதிச் சவர்க்காரக் கட்டி அளவில் ஒன்று பதிந்திருக்கும். அதைப் பிக்கப் என்பார்கள். உள்ளே ஒரு காந்தமும், தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான தடவை சுற்றிய சுருளும் இருக்கும். மேலே கம்பி அதிர்ந்தால் கீழே சுருளில் மின்சாரம் பிறந்து ஒலிபெருக்கிக்குப் போகும். இருபத்தெட்டு வருடம் பௌதிகவியல் படிப்பித்த எனக்கு இது கரும்பலகையில் கீறிக் கீறிச் சலித்த படம். ஓய்வு பெற்ற வருடம், தேவாலயத்து இசைக்குழுவினர் சத்தமே வராத ஒரு கிற்றாரைக் கொண்டுவந்தார்கள். திறந்து பார்த்தேன். என் படம் உள்ளே தூசி பிடித்துக்கொண்டு உண்மையாகவே கிடந்தது. அன்று தொடங்கிய பைத்தியம் இன்னும் விடவில்லை.

இப்போது வட்டுக்கோட்டையில் என் வீட்டு முன்னறைக்குப் பழைய பிக்கப் வராத கிழமை இல்லை. இணையத்தில் வாங்கியவை, வெளிநாட்டு மச்சான்மார் அனுப்பியவை, கொழும்பில் யாரோ தலையில் கட்டியவை. எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: இது அந்தப் பேர்போன பழைய அமெரிக்கக் கிற்றார்க் கம்பனியின் அசலா? நான் முதலில் மூக்கால் பார்ப்பேன். புதுச் சாமானைப் பழசாகக் காட்ட நினைப்பவர்கள் துணி சுற்றிய வயரைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைப்பார்கள். மூக்குக்குக் கிட்டப் பிடித்தால் அதன் வாசமே காட்டிக்கொடுத்துவிடும். திருகாணியில் துருவைக் கண்டாலும் உடனே நம்பமாட்டேன். உப்புத் தண்ணீரில் போட்டு வரவழைத்த துரு எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்கும். காற்றுக் கொண்டுவந்து வைத்த துரு ஒரு பக்கமாகத்தான் இருக்கும். கடலுக்கு இவ்வளவு கிட்ட வாழ்கிறவளுக்கு அதை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. பிறகு அடியில் ஒட்டிய சீட்டின் எழுத்து, ஈயம் பற்றவைத்த இடம், மீற்றரில் தடை எவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் போவேன்.

கடைசியாகத் தட்டிப் பார்ப்பேன். கிற்றாரை ஒலிபெருக்கியோடு இணைத்து, பிக்கப்பின் தலையில் ஸ்குரூ ட்ரைவரின் பிடியால் மெல்ல ஒரு தட்டு. நல்ல பிக்கப்புக்குக் கம்பியின் அதிர்வு மட்டுமே கேட்கும். சுருள் தளர்ந்த பிக்கப்புக்கு எல்லாமே கேட்கும். மேசையில் வைத்த கோப்பை, என் கைவளையல், பக்கத்தில் நின்று கதைக்கிறவரின் பேச்சு, ஒன்றையும் விடாது. ஒலிபெருக்கி கிட்ட இருந்தால் தன் சத்தத்தையே திரும்பக் கேட்டுக் கீச்சென்று கத்தும். மருந்து சுலபமானது. உருகிய மெழுகில் தோய்த்தால் மெழுகு இடுக்கெல்லாம் இறங்கிச் சுருளை இறுக்கிவிடும். அதன் பிறகு வாய் திறக்காது. அந்தக் கீச்சுச் சத்தம் எனக்குப் பல்லைக் கூசவைப்பதால், நீள வயர் ஒன்று போட்டு ஒலிபெருக்கியை அடுத்த அறையில் வைத்திருக்கிறேன்.

சென்ற பங்குனியில் ஒரு மத்தியானம், கரவெட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு கணவனும் மனைவியும் கிற்றாரோடு வந்தார்கள். அவர் ஒரு காலத்தில் கலியாண வீடுகளில் கிற்றார் வாசித்தவர். அந்த வெயிலிலும் சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டியிருந்தார். கதைத்ததெல்லாம் அந்த அம்மாதான். ஆறு மாதத்துக்கு முன் கணவருடைய தொண்டையில் ஒரு சத்திரசிகிச்சை நடந்ததாம். உயிர் தப்பியது, குரல் தப்பவில்லை. காதை வாயோடு ஒட்டி வைத்தால் காற்று மட்டும் வருமாம்.

“முந்தி ஒரு நாளைக்கு அம்பது தரம் ‘இஞ்சேரும்’ எண்டு கூப்பிடுவார், ரீச்சர். அடுப்பிலை கறியை விட்டிட்டு ஓடிப்போய் என்னெண்டு கேட்டால், ஒண்டுமில்லை சும்மா எண்டுவார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாய் வரும். இப்ப கை தட்டுறார். தட்டினால் ஏதோ தேவை இருக்கும்.”

இதைச் சொல்லிவிட்டுக் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்றுதான் நினைத்தேன்.

அந்த அம்மாவின் கவலை வேறு. இரண்டு மாதமாகக் கணவர் அறையைப் பூட்டிக்கொண்டு கிற்றாரும் ஒலிபெருக்கியுமாகவே இருக்கிறாராம். வாசிப்பதில்லை. கிற்றாரின் மேல் குனிந்தபடி இருக்கிறார். அது கத்துகிறது. அவர் திருகுகளைத் திருப்புகிறார், திரும்பக் குனிகிறார், திரும்பக் கத்துகிறது. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு எழுதும் கொப்பியை நீட்டினால் தள்ளிவிடுகிறார். குரலோடு புத்தியும் போய்விட்டதோ என்று அந்த அம்மா பயந்துபோயிருந்தார். கிற்றாரின் கத்தலை நிறுத்தினால் மனிதர் அறையை விட்டு வெளியே வருவார் என்பது அவருடைய நம்பிக்கை.

“உந்தக் கத்தலை நிப்பாட்டித் தாங்கோ ரீச்சர். எனக்கு இவர் வேணும்.”

கணவர் என்னைப் பார்த்து இல்லை என்று தலையாட்டினார். நான் அதைக் கண்டும் காணாததுபோல இருந்துவிட்டேன். எனக்கு ஒரு சாமானைக் கண்டால் மனிதர் மறைந்துவிடுவார்கள். அது என் பழைய குணம்.

கம்பிகளைத் தளர்த்தி, பிக்கப்புகள் இரண்டையும் வயரோடு வெளியே எடுத்துப் புரட்டினேன். தேயிலை மணந்தது. சீட்டின் எழுத்து நேற்று அச்சடித்ததுபோலக் கூர்மையாக இருந்தது. துரு நாலு பக்கமும் ஒரே அளவு. முப்பது வருடமாக இதை அசல் என்று அவர் ஊரெல்லாம் சொல்லித் திரிந்ததாக மனைவி சொன்னார். எனக்கு நாக்கில் தேன் தடவிக் கதைக்க வராது. இரண்டும் போலி என்று முகத்துக்கு நேரே சொன்னேன். கணவர் அதற்குக் கவலைப்படவே இல்லை. தோளைக் குலுக்கிவிட்டு, முன்பக்கத்துப் பிக்கப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைத்தான் அடுத்து, கிற்றாரை ஒலிபெருக்கியின் நீள வயரில் இணைத்துவிட்டுத் தட்டினேன். கதவுக்கு அப்பால் யாரோ பலகையில் தட்டியதுபோல ஒலிபெருக்கி பதில் சொன்னது. என் வளையல் இங்கே சிணுங்கியபோது அங்கேயும் சிணுங்கியது. இவ்வளவு தளர்ந்த சுருளை நான் கண்டதில்லை. கத்தினது இதுதான், மெழுகில் போட்டால் சரி என்று சொல்லி எழுந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். போலி என்று கேட்ட துக்கத்தில் செய்கிறார் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

“பயப்பிடாதேங்கோ அண்ணை, பத்து நிமிச வேலை,” என்று கையை விடுவித்தேன். கொதிநீர்ச் சட்டிக்குள் மெழுகுப் பாத்திரத்தை இறக்கி, மேசையோரத்து மின் அடுப்பில் வைத்தேன்.

மெழுகு உருகும் நேரம் எனக்குப் பிடித்த நேரம். தேவாலயத்தில் எரிந்து முடிந்த மெழுகுதிரித் துண்டுகளைத்தான் சேர்த்து வைத்திருப்பேன். அறை முழுக்க ஞாயிற்றுக்கிழமை மணந்தது. வெளியே வெயிலில் ஒரு இலைகூட அசையவில்லை. ஒலிபெருக்கியை நிறுத்த மறந்திருந்தேன். மின்விசிறியின் கறகறப்பு, கதிரை கிறீச்சிடுவது, அந்த அம்மா பெருமூச்சு விடுவது எல்லாம் இங்கே ஒருமுறையும் அடுத்த அறையில் மெலிதாக இன்னொரு முறையும் நடந்தன. கதவுக்கு அப்பால் இன்னொரு மத்தியானம் இருப்பதாகவும், அங்கேயும் நாங்கள் மூன்று பேரும் மெழுகு உருகக் காத்திருப்பதாகவும் எனக்குத் தோன்றியது. கண் சொருகியது. அந்த அம்மாவும் தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார்.

கணவர் வயரோடு தொங்கிய பிக்கப்பை உள்ளங்கையில் எடுத்ததை அரைக்கண்ணால் பார்த்தேன். உதட்டுக்குக் கிட்டக் கொண்டுபோனார். சட்டைக் கழுத்துக்குள் நரம்பு புடைத்தது. இந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை.

அடுத்த அறையிலிருந்து ஒரு ஆண்குரல் கூப்பிட்டது.

“இஞ்சேரும்.”

மெலிந்த, கரகரத்த குரல். ஆனால் குரல்தான்.

“வாறன்,” என்று அந்த அம்மா எழுந்துவிட்டார். கண் சரியாகத் திறக்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பக்கத்துக் கதிரையில் இருந்த கணவரைத் தாண்டி, விறுவிறுவென்று கதவைக் கடந்து போனார். அங்கே வெறும் அறை. ஸ்ரூலின் மேல் என் ஒலிபெருக்கி. அதன் முன்னால், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி அவர் நின்றுவிட்டதை இங்கிருந்து கண்டேன்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. இரண்டு மாதமாக இந்த மனிதர் பூட்டிய அறைக்குள் பழகியது இந்த ஒரு சொல்லைத்தான். ஒலிபெருக்கியைப் பக்கத்திலேயே வைத்திருந்ததால் அது கத்தி அவருடைய சொல்லை ஒவ்வொரு முறையும் விழுங்கிவிட்டது. எழுதிக் காட்டினால் அது கூப்பிட்டது ஆகாதே. பௌதிகவியல் ரீச்சரான நான், அவருக்கு மிஞ்சியிருந்த குரலை இறுக்கி மூடுவதற்கு மெழுகு காய்ச்சிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. அடுப்பை நிறுத்தினேன்.

அந்த அம்மா திரும்பிப் பார்க்காமலே ஒலிபெருக்கியிடம் கேட்டார்.

“என்னப்பா?”

கணவர் மூச்சை இழுத்து, பிக்கப்பை இன்னும் கிட்டப் பிடித்தார்.

“ஒண்டுமில்லை. சும்மா.”

“சும்மா கூப்பிடுறதுக்கு உங்களுக்கு வேறை வேலையில்லை,” என்று அந்த அம்மா ஏசத் தொடங்கினார். பாதியில் குரல் உடைந்தது. ஏச்சை மட்டும் நிறுத்தவில்லை.

போகும்போது என் நீள வயரைச் சுருட்டி அவர்களுடைய பைக்குள் வைத்தேன். அவர்கள் வீட்டு ஒலிபெருக்கியைக் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன்.